இருக்கை போனால் இசைவும் போகும்

அயல்நாடு சென்று கற்பது முன்னொரு காலத்தில் பெருநகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்த்த பேறாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலேயே அயல்நாட்டுக் கல்விக்கு ஆள்சேர்க்கும் பலகைகள் தொங்குகின்றன. வானூர் வட்டத்துத் திருவக்கரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் கல்லுடைத்தும் கழனி உழுதும் பிழைக்கும் எளிய குடும்பங்களும், ‘நம் பிள்ளையை ஒருமுறை வானூர்தி ஏற்றிவிட்டால் போதும், மூன்று தலைமுறைத் துன்பம் தீர்ந்துவிடும்’ என்று நம்பத் தொடங்கியுள்ளன. அந்நம்பிக்கையைப் பழிக்க யாம் வரவில்லை. கற்கும் அவா எங்கெழுந்தாலும் அது போற்றத்தக்கதே. ஆனால் அந்நம்பிக்கையின் காலடியில் ஒரு பெருங்குழி வெட்டப்பட்டிருப்பதையும், அக்குழியின்மேல் ஆங்கிலத் தாள்கள் பரப்பி மூடப்பட்டிருப்பதையும் கண்டும் வாளா இருப்பது எழுதுகோல் பிடித்தவர்க்கு அழகாகாது.

விசா என்று மக்கள் வழங்கும் நுழைவிசைவு கைக்கு வந்த நாளில் வீட்டில் விருந்து நடக்கின்றது. உற்றார் வாழ்த்துகின்றனர், குலதெய்வத்துக்குப் பொங்கலும் இடுகின்றனர். கடல் கடந்துவிட்டோம் என்றே அனைவரும் எண்ணுகின்றனர். உண்மையில் அன்றுதான் தோணியில் ஏறியிருக்கின்றனர்! மாணவர்க்குத் தரப்படும் நுழைவிசைவு, வாங்கியவன் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் பொருளன்று. அது மாணவன் என்னும் ஆளுக்குத் தரப்படுவதாகத் தோன்றினும், மெய்யாக அவன் அமரவேண்டிய வகுப்பறை இருக்கைக்கே தரப்படுகின்றது. அவன் அவ்விருக்கையில் அமர்ந்திருக்கும்வரை இசைவு நிற்கும். இருக்கை போனால் இசைவும் போகும். இவ்வொன்றை நம் பெற்றோர் விளங்கிக்கொண்டால், இக்கட்டுரையில் பாதியைப் படித்தவராவர்.

இது நாடுதோறும் எவ்வாறு நடைமுறையில் உள்ளது என்று பார்ப்போம்.

ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்லும் மாணவர்க்கு எப்-1 என்னும் வகை நுழைவிசைவு தரப்படுகின்றது. அதற்கு அடிப்படையாவது ஐ-20 என்னும் கல்விநிலையத் தாள். இவ்விரண்டிற்கும் பின்னால், செவிசு என்னும் கணிப்பொறிப் பதிவேடு ஒன்று உண்டு. மாணவன் வந்தானா, பதிந்தானா, முழுப்பாடச் சுமையும் எடுத்தானா, முகவரி மாறினானா என்பன எல்லாம் அதில் ஏறும். இளநிலை மாணவர் ஒரு பருவத்திற்குக் குறைந்தது 12 பாட அலகுகள் எடுத்தல் வேண்டும். உடல்நலக் குறைவாலோ வேறு தக்க கரணியத்தாலோ குறைக்க வேண்டுமானால், அதற்கெனக் கல்விநிலையத்தில் அமர்த்தப்பெற்ற அலுவலரிடம் முன்னதாக இசைவு பெறவேண்டும். பாடத்தைக் கைவிட்டபின் சென்று சொல்வது போதாது. வீடு மாறினால் 10 நாளுள் அறிவித்தல் வேண்டும். இவற்றில் தவறினால் அம் மாணவனின் பதிவு முடித்து வைக்கப்படும். பதிவு முடிந்தால், கடவுச்சீட்டில் ஒட்டிய நுழைவிசைவுத் தாளில் இன்னும் ஈராண்டு இருப்பதாக அச்சிட்டிருப்பினும், அந்நாட்டில் தங்கும் உரிமை அன்றே அற்றுப்போம். தாளில் கண்ட நாள் வேறு, தங்கும் தகுதி வேறு என்பதை அறியாமல் ஏமாந்தோர் பலர்.

ஆத்திரேலியாவில் மாணவர் நுழைவிசைவில் 8202 என்னும் எண்ணுடைய கட்டுநெறி ஒன்று சேர்த்தே தரப்படுகின்றது. அரசுப் பதிவு பெற்ற படிப்பில் மாணவன் தொடர்ந்து பதிவாகியிருத்தல் வேண்டும். வருகையும் கல்வி வளர்ச்சியும் நிறைவாக இருத்தல் வேண்டும். எந்தப் படிநிலைப் படிப்புக்கு இசைவு பெற்றானோ அந்நிலையிலிருந்து கீழிறங்கலாகாது. முதுநிலைப் பட்டத்திற்கென்று சென்றவன், கட்டணம் குறைவென்று சமையற்கலைச் சான்றிதழ்ப் படிப்புக்குத் தாவினால், அது கட்டுநெறியை மீறியதாகும். கல்விநிலையம் அரசுக்கு அறிவிக்கும். அரசு மாணவனிடம் விளக்கம் கேட்கும். விளக்கம் ஏற்கத் தக்கதாயில்லையெனில் இசைவை நீக்கும். நீக்கம் பெற்றவன் மூன்றாண்டுவரை மீண்டும் பல வகை இசைவுகளைப் பெறுதல் அரிதாகும்.

பிரித்தானியாவில் கல்விநிலையமே மாணவனுக்குப் பிணைநின்று அழைக்கும் நிலையில் உள்ளது. மாணவன் பதிவு செய்யாவிடினும், வகுப்புக்கு வாராதொழியினும், இடையில் நின்றுவிடினும் பிணைநின்ற நிலையம் அரசுக்கு அறிவித்தே தீரவேண்டும். கனடாவில் 2024 நவம்பர் 8 முதல், ஒரு கல்லூரியை விட்டு மற்றொரு கல்லூரிக்கு மாற விரும்பும் மாணவன் புதிதாகக் கல்வி இசைவுக்கு எழுதிப்போட வேண்டும் என்னும் நெறி நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னெல்லாம் இணையக் கணக்கில் கல்லூரியின் பெயரை மாற்றிக் குறித்தாலே போதும். அப்பழைய செய்தியை நம்பி இன்றும் அறிவுரை கூறுவோர் உளர்.

சட்டங்கள் இருக்கட்டும், அவை வாழ்க்கையில் எவ்வாறு வந்து விழுந்தன என்பதைக் காண்போம்.

கலிபோர்னியாவின் பிளசண்டன் நகரில் திரை-வேலி என்றொரு பல்கலைக்கழகம் இயங்கி வந்தது. தமிழ்க் காதுக்கு அப்பெயரே திரையும் வேலியுமாக ஒலிக்கின்றது! 2011 சனவரி 19ஆம் நாள் அமெரிக்கக் குடிவரவுத் துறையினர் அதனுள் புகுந்து சோதனையிட்டனர். ஆங்குப் பதிவு செய்திருந்தோர் 1,500 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களுள்ளும் மிகுதியானவர் தெலுங்கு நிலத்து இளைஞர். பலநூறு மாணவர் சன்னிவேல் என்னும் ஊரில் ஒரே அடுக்ககத்து வீட்டில் குடியிருப்பதாகப் பதிவேட்டில் காட்டப்பட்டிருந்தனர். அந்நிலையத்தை நடத்திய பெண்மணி 2014இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டுப் பதினாறு ஆண்டுக்கு மேற்பட்ட சிறையொறுப்புப் பெற்றார். அஃது அறத்தின் வெற்றி எனலாம். ஆனால் மாணவர் நிலை என்ன? ஒரே நாளில் அவர்கள் படிப்பும் இல்லை, இசைவும் இல்லை. அவர்களுள் சிலர் காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. மாட்டின் கழுத்தில் மணி கட்டுவதுபோல் மாணவன் காலில் வளையம்! இந்திய அரசு அதனைக் கண்டித்தது. நாளேடுகள் சில நாள் எழுதின. பின் எல்லாரும் மறந்தனர்.

எட்டாண்டுக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்தது. மிச்சிகன் மாநிலத்தில் பார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று விளங்கிற்று. அதற்கு இணையத்தளம் உண்டு; இலச்சினை உண்டு; கட்டணம் வாங்கும் அலுவலரும் உண்டு. ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. அதனை நடத்தியது கயவர் கூட்டமன்று. அமெரிக்கக் குடிவரவுத் துறையே! பொய்யாகச் சேர்வோரைப் பிடிக்க விரித்த வலை அது. 2019 சனவரித் திங்கள் இறுதியில் வலை இழுக்கப்பட்டபோது ஏறத்தாழ 130 மாணவர் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் இந்தியர். ஆள்சேர்த்துத் தரகு பெற்ற எண்மர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மாணவர் தரப்பிலோ, ‘நாங்கள் கட்டணம் கட்டினோம், வகுப்பு எங்கே என்று கேட்டோம், அரசு எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கல்வி தரவில்லை’ என்று வழக்கிட்டனர். கீழ்மன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. 2024 சூன் திங்களில் மேல்முறையீட்டு மன்றம், அவ்வழக்கு கேட்கத்தக்கதே என்று திருப்பி அனுப்பிற்று. கட்டணம் வாங்கிய கை அரசின் கையாயினும் அது கணக்குச் சொல்ல வேண்டும் என்னும் கோரிக்கைக்குக் கதவு திறந்தது.

இவ்விரண்டிலும் மாணவர் சிலரிடத்தில் பிழை இருந்தது என்று கூறுவோர் உளர். அதனைப் பின்னர் ஆராய்வோம். ஆனால் தம்மிடத்து யாதொரு பிழையும் இல்லாத மாணவர்க்கும் இருக்கை பறிபோதல் உண்டு. 2012 ஆகத்துத் திங்கள் இறுதியில், பிரித்தானிய எல்லைக்காவல் அமைப்பு, இலண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் அயல்நாட்டு மாணவரைப் பிணைநின்று அழைக்கும் உரிமையைப் பறித்தது. பல்கலைக்கழகம் மாணவர் வருகையையும் ஆவணங்களையும் முறையாகக் கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டது நிலையத்தின்மீது; அடி விழுந்ததோ ஈராயிரத்திற்கு மேற்பட்ட மாணவர்மீது! வேறு கல்லூரி தேடிக்கொள்ள அவர்களுக்கு 60 நாள் கெடு என்று சொல்லப்பட்டது. வழக்குமன்றம் செப்டம்பர் 21ஆம் நாள் குறுக்கிட்டு, உண்மையாகக் கற்பவர் அக்கல்வியாண்டு முடியும்வரை ஆங்கேயே பயில இடந்தந்தது. வழக்கிட ஆளிருந்தமையால் அவர்கள் ஓரளவு பிழைத்தனர்.

பணம் தவறினாலும் இருக்கை போகும் என்பதற்கு 2024இல் பிரித்தானியாவின் தீசைடு பல்கலைக்கழகத்தில் நைசீரிய மாணவர்க்கு நேர்ந்தது சான்று. அவர்கள் நாட்டு நாணயத்தின் மதிப்பு திடீரெனச் சரிந்தது. தவணைக் கட்டணத்தை நாளுக்குக் கட்ட இயலாதவர் படிப்பிலிருந்து நீக்கப்பட்டனர். நீக்கப்பட்டதும் நாட்டைவிட்டு வெளியேறும்படி அறிவிப்பும் வந்தது. ஊரில் விளைச்சல் பொய்த்தாலும், வங்கி அடுத்த தவணையை விடுவிக்கக் காலம் தாழ்த்தினாலும், நம் பிள்ளைக்கும் இதே நிலை வரும் என்பதை நம்மவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆட்சியாளரின் ஒரே கையெழுத்தால் நிலைமை தலைகீழாவதும் உண்டு. 2020 சூலை 6ஆம் நாள், கொள்ளைநோய்க் காலத்தில், வகுப்பு முழுவதும் இணையவழி நடக்கும் கல்லூரிகளின் அயல்நாட்டு மாணவர் அமெரிக்காவில் தங்கலாகாது என்று அறிவிப்பு வெளிவந்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனமும் வழக்கிட்டன; எட்டாம் நாளே, சூலை 14இல், அரசு அதனைத் திரும்பப் பெற்றது. 2025இன் முற்பகுதியில் செவிசுப் பதிவேட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர் பதிவுகள் முன்னறிவிப்பின்றி முடித்து வைக்கப்பட்டன. மன்றங்களில் வழக்குகள் குவிந்தபின், ஏப்பிரல் 25இல் அவற்றை மீட்டுத் தருவதாக அரசு கூறிற்று. அடுத்த திங்களே இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், படிப்பை இடைநிறுத்துவோரும், வகுப்புக்குச் செல்லாதோரும், கல்விநிலையத்திற்கு அறிவிக்காமல் நீங்குவோரும் நுழைவிசைவை இழக்க நேரிடும் என்று வெளிப்படையாக எச்சரித்தது.

இந்நிகழ்ச்சிகளில் நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. மேலே கண்டவற்றில் மாணவர் எங்கெங்குச் சிறிதேனும் மீண்டனரோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் அரசு தந்த தாளை வரிவரியாகப் படித்திருக்கின்றனர். இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆத்திரேலியாவில் உண்டு. 2013 ஏப்பிரல்வரை அந்நாட்டில் ஒரு கடுமையான முறை இருந்தது. கல்விநிலையம் ஓர் அறிவிப்பு மடல் விடுக்கும். 28 நாளுள் மாணவன் குடிவரவு அலுவலர்முன் தோன்றி விளக்கம் தராவிடில், நுழைவிசைவு தானே நீங்கிவிடும். ஒரு மாணவர் அதனை எதிர்த்து வழக்கிட்டார். 2005இல் மன்றம் அவ்வறிவிப்பு மடலை ஆராய்ந்து, அது சட்டம் வரையறுத்த முறையில் அமையவில்லை என்று கண்டது. அதனால் 2001 மே முதல் 2005 ஆகத்துவரை அம்மடல்வழி நேர்ந்த ஆயிரக்கணக்கான நீக்கங்கள் செல்லாதனவாயின! ஒரு தாளின் சொற்கள் பிழையாக இருந்தமையால் ஆயிரம் வாழ்வு குலைந்தது; அப்பிழையை ஒருவர் படித்துக் கண்டமையால் ஆயிரம் வாழ்வு மீண்டது. சொல்லை நுணுகிப் படிப்பது புலவர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு என்று எள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக!

இனிப் பிழை யாருடையது என்று நடுநிலையோடு ஆராய்வோம்.

முதற்கண் நம் இளைஞரிடத்தில் உள்ள பிழையை மறைக்க வேண்டா. படிப்பு என்பது போர்வை, பிழைப்பு என்பதே நோக்கம் என்று சிலர் செல்கின்றனர். கல்லூரியில் பெயரைப் பதிந்துவிட்டுப் பண்டகசாலையிலும் உணவகத்திலும் இரவுபகல் உழைக்கின்றனர். உழைப்பு இழிவன்று, ஆனால் ஒன்றைச் சொல்லி இசைவு பெற்று மற்றொன்றைச் செய்வது நேர்மையன்று. அவ்வாறு சிலர் செய்வதால், உண்மையாகக் கற்கப் போகும் நூறு பேரும் ஐயக்கண்ணோடு நோக்கப்படுகின்றனர். 2024 மார்ச்சு, ஏப்பிரல் ஆகிய இரு திங்களில் மட்டும் கனடாவில் கல்வி இசைவு பெற்றும் கல்லூரிக்கு வாராதவராக அறிவிக்கப்பட்டோர் ஐம்பதினாயிரத்தை நெருங்கினர்; அவர்களுள் ஏறத்தாழ இருபதினாயிரவர் இந்தியர். இத்தொகை நமக்குப் பெருமை தருவதன்று.

இரண்டாவது பிழை, தரகு பெறும் முகவர்களுடையது. முகவர் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்த யாம் விரும்பவில்லை; நேர்மையாக வழிகாட்டுவோரும் உளர். ஆயினும் பலர்க்குக் கல்லூரிதான் ஊதியம் தருகின்றது. எனவே அவர்தம் கண் மாணவன் எதிர்காலத்தின்மேல் இல்லை, சேர்க்கைத் தொகையின்மேல் உள்ளது. ‘முதலில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரால் போய்விடு, போனபின் மலிவான கல்லூரிக்கு மாறிக்கொள்’ என்பது இவர்களுள் சிலர் ஓதும் மறைமொழி. ஆத்திரேலியாவில் இது பெருவழக்காகிவிட்டது. ஒரே மாணவன் இரு நிலையங்களில் ஒருங்கே பதிந்துகொள்ளும் இடுக்கு ஒன்று அந்நாட்டுப் பதிவு முறையில் இருந்தது. 2023இன் முதல் அரையாண்டில் மட்டும் அத்தகைய இரட்டைப் பதிவுகள் 17,000 ஆயின. 2019, 2022 ஆகிய ஈராண்டுகளின் முதல் அரையாண்டுகளைக் கூட்டினாலும் ஏறத்தாழ 10,500தான் இருந்தன. அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் அரசு அவ்விடுக்கை அடைத்துவிட்டது. முகவர் காட்டிய குறுக்குவழியில் சென்றவன் நடுவழியில் நின்றான். முகவரோ அடுத்த மாணவனுக்கு வேறு வழி காட்டிக்கொண்டிருந்தார்.

இதனினும் கொடிது கனடாவில் 2023இல் வெளிப்பட்டது. கல்லூரிச் சேர்க்கை மடல்களே பொய்யாக ஆக்கப்பட்டவை என்று, மாணவர் படித்து முடித்து நிலைத்த குடியுரிமைக்கு எழுதிப்போட்ட போதுதான் தெரியவந்தது. மாணவர் பலர் நாடு கடத்தப்படும் அச்சத்தில் தெருவில் அமர்ந்து போராடினர். அம்மடல்களைப் பெற்றுத் தந்த முகவர் 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுச் சிறையொறுப்புப் பெற்றார். தம் சேர்க்கை மடல் மெய்தானா என்று கல்லூரிக்கே நேராக ஒரு மின்மடல் விடுத்திருந்தால், அம்மாணவர் அத்துன்பம் உற்றிருக்கமாட்டார்.

மூன்றாவது பிழை, இவற்றையெல்லாம் கண்டும் காணாதிருக்கும் அரசினுடையது. வேலைக்கென்று அயல்நாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். பிணைத்தொகையும் கட்டுதல் வேண்டும். அச்சட்டம் வேலைக்குச் செல்வோரைப் பற்றியது. கல்விக்குச் செல்வோரை அனுப்பும் முகவர் அதன் எல்லைக்குள் வாரார். கொத்தனாரை அனுப்புபவனுக்குக் கணக்குண்டு. மாணவனை அனுப்புபவனுக்குக் கணக்கில்லை! இரண்டு பயணத்திலும் விற்கப்படுவது ஏழையின் நிலமும் தாயின் நகையும்தாமே?

இம்மூன்று பிழைக்கும் நிழலாக நின்று காப்பது ஒன்றுண்டு, அதுவே மொழி. கல்விநிலையம் தரும் சேர்க்கை மடலும், கட்டணம் திரும்பப் பெறும் நெறியும், முகவரின் ஒப்பந்தமும், வங்கியின் கடன் ஆவணமும், நுழைவிசைவின் கட்டுநெறியும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கல்விநிலையத்தார்க்கு அவை தெரியும். முகவர்க்குத் தெரியும். வங்கியார்க்குத் தெரியும். தெரியாதவர் யாரெனில், தம் காணியை ஈடுவைத்துக் கைந்நாட்டோ கையெழுத்தோ இடுகின்ற தாயும் தந்தையுமே! ஆட்டத்தில் பணம் வைப்பவனுக்கு மட்டும் ஆட்டநெறி மறைக்கப்படுமாயின், அதற்குப் பெயர் வாணிகமா, சூதா?

‘அயல்நாட்டில் ஆங்கிலத்தில் படிக்கப் போகின்றவனுக்குத் தமிழ்த்தாள் எதற்கு?’ என்று நகைப்போர் இருக்கலாம். அவர்க்கு யாம் சொல்லும் விடை ஒன்றே. படிக்கப் போவது பிள்ளை. கடன் சுமப்பது பெற்றோர். பிள்ளைக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்பது, நோயாளிக்கு மாற்றாக அவன் தம்பிக்கு மருந்து கொடுப்பது போன்றது. அன்றியும், பாடநூல் ஆங்கிலம் வேறு, சட்ட ஆங்கிலம் வேறு. பட்டம் பெற்ற இளைஞரே தம் தாள்களை ஆசிரியரிடம் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியுள்ளது என்று கேட்பதை யாம் பலகால் கண்டிருக்கின்றோம். ‘கல்விநிலை மாற்றம்’, ‘பதிவு நீக்கம்’, ‘தகுதி இழப்பு’, ‘இசைவு நீக்கம்’ என்னும் நான்கும் நான்கு வேறு நிகழ்ச்சிகள். தாய்மொழியில் நான்கு சொல்லாக அவற்றைப் பிரித்தறிந்தவன் நான்கு வாயிலிலும் விழிப்பாயிருப்பான். ஒன்றாகக் குழப்பிக்கொண்டவன் நான்கிலும் வீழ்வான்.

ஏன் செல்கின்றனர் என்பதையும் ஒருவாறு எண்ணுதல் வேண்டும். ஈழத்தில் 1971இல் தொடங்கிய தரப்படுத்தல் முறை தமிழ் மாணவர்க்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கிய காலத்தில், அயல்நாட்டுக் கல்வி அவர்க்கு ஆடம்பரமன்று. அடைபட்ட கதவுக்கு மாற்றாக அமைந்த பலகணி. இங்கோ கல்லூரிகள் தெருவுக்குத் தெரு உண்டு, பட்டங்களும் உண்டு, பட்டத்திற்கேற்ற பணியும் பயிற்சியும் இல்லை. படித்தும் பணியின்றி நிற்கும் இளைஞன் காதில் முகவர் சொல் தேனாக ஒலிக்கின்றது. நம் கல்வியைச் செப்பம் செய்யாமல் அவனை மட்டும் கடிந்துகொள்வதால் பயனில்லை.

ஆகவே யாம் வலியுறுத்துவன இவை. அயல்நாட்டுக் கல்விக்கு ஆள்சேர்க்கும் முகவர் ஒவ்வொருவரும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு தரகு பெறுகின்றார் என்பதை மாணவனுக்குத் தெரிவித்தல் வேண்டும். நுழைவிசைவின் முதன்மையான கட்டுநெறிகளையும், கட்டணம் திரும்பக் கிடைக்கும் முறையையும் ஒரே பக்கத்தில் தெளிந்த தமிழில் எழுதிப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டிய பின்னரே கையெழுத்துப் பெறுதல் வேண்டும். கல்விக்கடன் தரும் வங்கிகளும் அவ்வாறே செய்தல் வேண்டும். பிள்ளையின் இசைவு நீங்கினாலும் கடன் நீங்காது என்பதை அத்தாளின் முதல் வரியாக அச்சிடல் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. அயல்நாடு செல்லும் நம் பிள்ளைகள் கீழ்க்கண்டவற்றை உள்ளத்தில் எழுதிக்கொள்வாராக.

சேரும் கல்லூரி அந்நாட்டு அரசின் பட்டியலில் உள்ளதா என்று நீங்களே பாருங்கள். பட்டியல் இணையத்தில் எல்லார்க்கும் திறந்தே உள்ளது. சேர்க்கை மடலைக் கல்லூரிக்கே அனுப்பி, இது உங்களுடையதுதானா என்று கேளுங்கள். வகுப்பு நடவாத கல்லூரியில் ஒருநாளும் பெயர் வையாதீர்; அது வேறு எவரோ விரித்த வலையாக இருக்கலாம். பாடத்தைக் குறைக்கவோ, கல்லூரி மாறவோ, விடுப்பில் ஊர் வரவோ எண்ணினால், முதலில் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதி, விடை எழுத்தில் வந்தபின் செய்யுங்கள். நோயுற்றால் மருத்துவரின் சான்றைப் பெற்று உடனே கல்லூரியில் கொடுங்கள். தவணை கட்ட இயலாதெனின், நாள் கடந்தபின் ஒளியாமல், நாள் வருமுன் சென்று கேளுங்கள். காலம் நீட்டித் தரும் நிலையங்கள் உண்டு. முகவரி மாறினால் தெரிவியுங்கள். அறிவிப்பு மடல் பழைய வீட்டுக்குப் போய்விட்டது என்பதை எவரும் விளக்கமாக ஏற்கமாட்டார். அறிவிப்பு வந்தால் அஞ்சி ஓடாதீர். அதில் எத்தனை நாள் கெடு உள்ளது என்று முதலில் பாருங்கள். கெடுவுக்குள் சட்டம் அறிந்தவரைக் கொண்டு விடை எழுதுங்கள். அமெரிக்காவில் தகுதி இழந்தவன் ஐந்து திங்களுள் உரிய கரணியம் காட்டி மீட்பு வேண்டலாம் என்னும் வழியும் உண்டு. விடை எழுதாதவனுக்கே எல்லா வழியும் அடைபடும்.

நம் இயக்க அன்பர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மேடையேறித் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. ஒரு தாய் கையெழுத்திடப் போகும் தாளை வாங்கி, அதனை அவளுக்கு விளங்கும் தமிழில் ஒரு மணிநேரம் படித்துச் சொல்வது கடினம். ஆனால் தமிழ் அவளைக் காப்பது அங்கேதான். ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் கிழமைக்கு ஒரு மாலை, தாள் படிக்கும் மன்றம் ஒன்று கூடட்டும். ஆங்கிலம் கற்ற நம் இளைஞர் ஆங்கே தொண்டாற்றட்டும். கட்டணம் வாங்காத, தரகு பெறாத அவ்வறிவுரை, எந்த முகவரின் பளபளக்கும் அறையிலும் கிடைக்காது.

திருவக்கரையில் உள்ள கல்மரப் பூங்காவுக்குச் சென்றவர் அறிவர். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து புதைத்த பெருமரங்கள் அங்குக் கல்லாகிக் கிடக்கின்றன. வேரற்று வெள்ளத்தோடு சென்ற மரம் எங்கு ஒதுங்கும் என்பதை மரம் முடிவு செய்வதில்லை. நம் பிள்ளைகள் மரமல்லர். செல்லும் வழியை அறிந்து, இடும் கையெழுத்தை அறிந்து, இருக்கும் இருக்கையின் உறுதியை அறிந்து செல்லும் அறிவு அவர்க்கு உண்டு. அவ்வறிவைத் தாய்மொழியில் ஊட்டி அனுப்பும் கடமை நமக்கு உண்டு. அடுத்த கல்வியாண்டுக்கான சேர்க்கைத் தாள்கள் இப்போதே பல வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. கையெழுத்திடுமுன் ஒருமுறை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துச் சொல்லுங்கள். தொண்டு அங்கிருந்தே தொடங்கட்டும்!